விண்ணப்பம் போட முடியாத உதவித்தொகை

நீங்கள் தினமும் தேடும் கூகுள், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் இரண்டு ஆராய்ச்சி மாணவர்களின் வேலையிலிருந்து பிறந்தது. 1998-ல் கம்பெனி தொடங்கிய லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் பி.எச்டி.யை முடிக்கவே இல்லை! அதே கம்பெனி 2009-ல் கம்ப்யூட்டர் துறை பி.எச்டி. மாணவர்களுக்கு உதவித்தொகை தரத் தொடங்கியது.

அமெரிக்காவில் இதற்கு மாணவரே விண்ணப்பிக்க வழியில்லை. பல்கலைக்கழகம்தான் சிலர் பெயரை மட்டும் அனுப்பும் என்று விதி வைத்தார்கள். ஆராய்ச்சித் திட்டத்தோடு பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்களும் போகும். "நல்ல பையன், கெட்டிக்காரன்" என்று எழுதினால் பயனில்லை. எந்தச் சிக்கலை எடுத்தார், அதில் அவர் கை எவ்வளவு என்று எழுத வேண்டும். அதிகம் பேசாத மாணவருக்கு இங்கேதான் அடி விழுகிறது.

உங்கள் வீட்டில் யாராவது இப்படிப் படிக்கிறார்களா? கம்பெனியின் கடைசித் தேதிவரை காத்திருக்க வேண்டாம். துறைக்குள் தேர்வு அதற்கு முன்பே முடிந்துவிடும். வழிகாட்டியிடம் இப்போதே வாய்விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.