பட்டாளத்துக்காரரைக் கட்டினால் வேலை காலியா? நர்சுக்கு ரூ.60 லட்சம் தரச் சொன்ன சுப்ரீம் கோர்ட்டு!

தர்மபுரி,

"வீட்டுக்காரர் பட்டாளத்திலா? அப்ப நாளைக்கே அவர் கூடக் கிளம்பிடுவியேம்மா!"

வேலை கேட்டு வரும் ராணுவ வீரர் மனைவியிடம் இப்படிச் சொல்லி அனுப்பிவிடும் முதலாளிகள் உண்டு. ஆனால் ராணுவமே ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்பிய கதை தெரியுமா?

விவரம் வருமாறு:-

செலினா ஜான் ராணுவ நர்சிங் பணியில் லெப்டினன்ட். செகந்திராபாத் ராணுவ ஆஸ்பத்திரியில் வேலை. 1988-ல் ராணுவ அதிகாரி ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டார். அவ்வளவுதான். ஆகஸ்டு மாதம் சீட்டுக் கிழிந்தது! விளக்கம் கேட்டு ஒரு நோட்டீசு கூடக் கிடையாது.

கல்யாணம் ஆனால் நர்சை நீக்கலாம் என்று 1977-ம் ஆண்டு ராணுவ உத்தரவு ஒன்று இருந்தது. பெண்ணுக்கு மட்டும்தான் அந்த விதி. மாப்பிள்ளை அதிகாரிக்கு இல்லை. இத்தனைக்கும், வெளிநாட்டுத் துறையில் இதே போன்ற கல்யாண விதியை 1979-லேயே நீதிபதி கிருஷ்ணய்யர் வெளுத்து வாங்கியிருந்தார். பட்டாளத்தின் காதில் விழவில்லை போலும். 1995-ல்தான் உத்தரவு வாபஸ் ஆனது.

செலினா விடவில்லை. 2016-ல் லக்னோ ராணுவத் தீர்ப்பாயம், நீக்கியது செல்லாது, வேலையைத் திருப்பிக் கொடு என்றது. மத்திய அரசு அப்பீலுக்குப் போனது.

2024 பிப்ரவரி 14. நீதிபதிகள் சஞ்சீவ் கன்னா, தீபங்கர் தத்தா தீர்ப்புச் சொன்னார்கள். கல்யாணத்தைக் காரணம் காட்டிப் பெண்ணை நீக்குவது அப்பட்டமான பாகுபாடு என்றார்கள். 8 வாரத்தில் ரூ.60 லட்சம் கொடுக்க வேண்டும். தவறினால் 12 சதவீத வட்டி! ஆனால் வேலை திரும்பவில்லை. அதற்குள் 36 வருஷம் ஓடிவிட்டதே.

சரி, நம்ம ஊர் ஜவுளிக்கடை, தனியார் பள்ளிக்கூடம்?

அங்கேதான் சிக்கல். அரசு செய்த தவறுக்கு வந்த தீர்ப்பு இது. தனியார் முதலாளியை நேராகக் கட்டாது. வீரரின் மனைவி என்று சொல்லி வேலை மறுக்கக் கூடாது என்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. அமெரிக்காவில் 2023 ஜனவரியில் ஒரு சட்டம் வந்தது. வீரருக்கு மாற்றல் வந்தால், மனைவி வைத்திருக்கும் நர்சு லைசென்சு போன்றவை புது மாநிலத்திலும் செல்லும்.

தர்மபுரி, அரூர், பென்னாகரம் பக்கத்துப் பட்டாளத்து வீட்டுப் பெண்களுக்கு ஒரு தகவல்: மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம், பெயர்தான் "முன்னாள்". பணியில் இருக்கும் வீரர் குடும்பமும் அங்கே மனுக் கொடுக்கலாம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசு குறைதீர்க்கும் கூட்டமும் இருக்கிறது. வேலை இல்லை என்று சொன்ன தேதி, சொன்ன ஆள், சொன்ன காரணம் மூன்றையும் அன்றைக்கே எழுதி வைத்துக்கொண்டு போங்கள்.