மேழியும் ஹாண்டில்பாரும்

எந்தக் கருவியும் மனிதனோடு உறவு கொள்வது அதன் பிடியில்தான். அரிவாளுக்குப் பிடி, ஏருக்கு மேழி, மோட்டார் சைக்கிளுக்கு ஹாண்டில்பார். உழுபவனுடைய உயரத்துக்கு மேழி பொருந்தாவிட்டால் முதுகு நோகும்; சாலும் கோணும். வண்டிக்குப் புதிய ஹாண்டில்பார் பொருத்துவோர் எவற்றைக் கருத வேண்டும் என்பதை இன்று காண்போம்.

நெடுந்தொலைவு நிதானமாகச் செல்வதற்கென அமைந்த வண்டியைக் குரூஸர் என்பர். தாழ்ந்த இருக்கையும், ஓட்டுபவரை நோக்கி வளைந்து வரும் ஹாண்டில்பாரும் அதன் அடையாளங்கள். 2020ஆம் ஆண்டில் வெளிவந்த ராயல் என்ஃபீல்டு மீட்டியர் 350 இவ்வகையைச் சேர்ந்தது. 1969இல் வெளியான 'ஈஸி ரைடர்' என்னும் அமெரிக்கத் திரைப்படம் உயர்ந்த ஹாண்டில்பாரின் மீது இளைஞர் பலருக்கு ஆசையை ஊட்டியது. கிளையைப் பற்றித் தொங்கும் குரங்கின் தோற்றம் தருவதால் அமெரிக்கர் அதனை 'ஏப் ஹாங்கர்' என நகையாக அழைப்பர்.

நெம்புகோல் தத்துவத்தைப் பல்லாண்டுகள் வகுப்பில் கற்பித்த எனக்கு, ஹாண்டில்பாரும் ஒரு நெம்புகோலாகவே தோன்றுகிறது. சுழலும் அச்சிலிருந்து கைப்பிடி 36 செ.மீ. தொலைவில் உள்ளதாகக் கொள்வோம். அதை 42 செ.மீ. ஆக்கினால், முன்பு 7 பங்கு விசை வேண்டிய இடத்தில் 6 பங்கு போதும். ஆனால் இயற்கை எதையும் இனாமாகத் தருவதில்லை. விசை குறைந்த அளவுக்குக் கை நகரும் தூரம் கூடுகிறது. குறுகிய திருப்பத்தில் ஒரு கை எட்டாமற் போகலாம். தோளுக்கு மேல் கைகளை உயர்த்த வைக்கும் பாரோ விரைவில் சோர்வு தரும்.

இதனினும் பெரிய செய்தி ஒன்று உண்டு. கிளச் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள், முன்சக்கரப் பிரேக்கின் எண்ணெய்க் குழாய், மின்கம்பிகள் ஆகிய யாவும் ஹாண்டில்பாரை வந்தடைகின்றன. பழைய பாரின் அளவுக்கேற்பவே அவற்றின் நீளம் அமைந்துள்ளது. பார் மிகவும் உயர்ந்தால் அவையும் நீள வேண்டும். குறைவாயிருந்தால், வண்டியைத் திருப்பும்போது ஆக்ஸிலேட்டர் கேபிள் தானே இழுபட்டு எஞ்சின் சீறும். பிரேக் குழாயோ இற்றுப் போகும்.

பிரேக் குழாயை மாற்றினால், இணைப்பில் புதிய செப்பு வளையங்களை இட வேண்டும். உள்ளே புகுந்த காற்றையும் முற்றிலும் வெளியேற்ற வேண்டும். எண்ணெய் எளிதில் அமுங்காது, காற்று அமுங்கும். ஆதலால் காற்றுக் குமிழி இருந்தால், நெம்பை முழுதும் அழுத்தியும் சக்கரம் நில்லாது. பிரேக் எண்ணெய் வண்ணப்பூச்சை அரிக்கும். பெட்ரோல் டாங்கியைத் துணியால் மூடி வைத்தல் நன்று.

பாரின் பருமனையும் பார்க்க வேண்டும். 22 மி.மீ., 25.4 மி.மீ. ஆகிய இரண்டும் பெருவழக்கு. ஒன்றின் பிடிப்பானில் மற்றொன்று பொருந்தாது. போல்ட்டுகளை உற்பத்தியாளர் குறித்த அளவுக்கு, எல்லாம் ஒரு சீராக முடுக்க வேண்டும். மிகையானால் மரை அழியும். குறைந்தால் பிரேக் பிடிக்கும் வேளையில் பார் சுழன்றுவிடும்.

என்னிடம் பயின்ற ஒருவர் பட்டறை நடத்துகிறார். பாரைப் பொருத்தியதும், நின்ற வண்டியின் எஞ்சினை ஓடவிட்டு, அதை இரு கோடிகளுக்கும் மெல்லத் திருப்பினார். "சத்தம் மாறுதா கேளுங்க ஐயா. மாறினா கேபிள் இழுக்குதுன்னு அர்த்தம். அதோட வண்டியை வெளியே விடமாட்டேன்" என்றார். எந்த ஆய்வுக்கூடச் சோதனைக்கும் இது தாழ்ந்ததன்று.

சட்டத்தையும் மறத்தலாகாது. பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள், உற்பத்தியாளர் குறித்தவற்றினின்று மாறுபடும்படி வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019இல் இதை வலியுறுத்தியது. எனவே பணம் செலவிடுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிவதே முறை.

இளைஞர்களே, தம் வண்டி தமக்கேற்ப அமைய வேண்டும் என விரும்புவது இயல்பே. அந்த விருப்பத்தோடு பொறுமையும் சேரட்டும். புதிய பாருடன் முதலில் ஆளில்லாத திடலில் மெல்ல ஓட்டுங்கள். முன் பிரேக்கைப் பலமுறை பிடித்துப் பாருங்கள். மறுநாள் போல்ட்டுகளை மீண்டும் சோதியுங்கள். அதன் பின்னரே நெடுஞ்சாலையை நாடுங்கள்.