பூநாரை பார்க்க எந்த பைனாகுலர்?

கம்ப்யூட்டர் கடைக்குள் நுழைந்ததும் நம்மில் பலர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை ஜிபி?" என்பதுதான். கேமரா என்றால், "எத்தனை மெகாபிக்சல்?" ஒரே ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு பொருளை எடைபோடும் இந்தப் பழக்கம் எனக்கும் இருந்தது. சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவனுக்கு இதெல்லாம் தெரியாதா என்று கேட்காதீர்கள். முதல் பைனாகுலர் வாங்கியபோது நானும் அப்படித்தான் ஏமாந்தேன்.

பெட்டியின் மேல் '60×90' என்று அச்சடித்திருந்தது. விலை சில நூறு ரூபாய்தான். அறுபது மடங்கு பெரிதாகத் தெரியுமாம்! ஒரு ஜனவரி மாதம் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பழவேற்காட்டுக்குக் கிளம்பினேன். பொன்னேரி வழியாகப் போய், ஊருக்குள் புகுந்து, பாலத்தைக் கடந்தால் லைட்ஹவுஸ் குப்பம். ஒரு பக்கம் வங்கக் கடல், மறு பக்கம் ஏரி. சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி ஏரி இது. தூரத்தில் தண்ணீருக்கு மேல் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. பைனாகுலரை வைத்துப் பார்த்தேன். வெள்ளைக் கோடு, மங்கலான வெள்ளைக் கோடாகத் தெரிந்தது!

கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் சிரித்தார். "இன்னா தம்பி, அதுல எதுனா தெரியுதா?"

"மங்கலாத்தான் தெரியுது அண்ணே. பூநாரைதானே அது?"

"அது கூழைக்கடா. பூநாரை அந்தாண்ட நிக்குது பாரு."

வெறும் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட்டார். நான் அன்று ஒரு பூநாரையையும் உருப்படியாகப் பார்க்காமல் பஸ் ஏறினேன்.

"படகு பிடித்துப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டியதுதானே?" என்று நண்பர்கள் கேட்டார்கள். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். அதன் பிறகு சுற்றுலாப் படகு சவாரிக்குத் தடை போட்டார்கள். அந்த ஆபத்து ஒரு பக்கம். இன்னொரு பக்கம், படகு நெருங்கினால் பூநாரைக் கூட்டம் மொத்தமாக எழுந்து பறந்துவிடும். நமக்கு அது நல்ல போட்டோ. தலையைக் கவிழ்த்துச் சேற்றுத் தண்ணீரை அலசித் தின்றுகொண்டிருந்த பறவைக்கு அது பாதியில் பறிபோன சாப்பாடு. எனவே கரையில் நின்றே பார்க்க வேண்டும். அதற்கு நல்ல பைனாகுலர் வேண்டும்.

இப்போது அந்த எண்களுக்கு வருவோம். 8×32 என்று போட்டிருந்தால், 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. 400 மீட்டரில் நிற்கும் பறவை 50 மீட்டரில் நிற்பதுபோலத் தெரியும். 32 என்பது முன்பக்க லென்ஸின் குறுக்களவு, மில்லிமீட்டரில். இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளி வட்டத்தின் அளவு கிடைக்கும். 8×32-க்கு 4 மி.மீ., 8×25-க்கு 3.1, 10×25-க்கு 2.5. நல்ல வெயிலில் நம் கண்ணின் பாப்பாவே 2 முதல் 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும் என்பதால் அப்போது மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் பறவைகள் சுறுசுறுப்பாக இருப்பது விடியற்காலையிலும் மாலை மங்கும் நேரத்திலும். அப்போது பாப்பா விரியும். 10×25 இருட்டடிக்கும்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் பொய்யையும் பிடிக்கலாம். பைனாகுலரை ஒரு கை நீளத்தில் வெளிச்சத்தை நோக்கிப் பிடியுங்கள். கண் வைக்கும் லென்ஸின் நடுவில் ஒரு வெளிச்ச வட்டம் தெரியும். அதை ஸ்கேல் வைத்து அளந்து, முன் லென்ஸின் அளவை அதனால் வகுத்தால், உண்மையில் எத்தனை மடங்கு என்பது தோராயமாகத் தெரிந்துவிடும். என் '60×90'-ன் லென்ஸ் 30 மி.மீ.கூடத் தேறவில்லை. வட்டம் 3 மி.மீ. இருந்தது. வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், 60 எங்கே என்று!

எட்டா, பத்தா? இதில் பலருக்கும் குழப்பம். என் ஓட்டு எட்டுக்குத்தான். லைட்ஹவுஸ் குப்பத்தில் கடல் காற்று சும்மா இருக்காது. பறவை எத்தனை மடங்கு பெரிதாகிறதோ, கையின் நடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகும். மேலும் எட்டு மடங்கில் காட்சிப் பரப்பு அகலம். நல்ல 8×32-ல் 1000 மீட்டர் தூரத்தில் சுமார் 130 மீட்டர் அகலம் தெரியும். 10×25-ல் பொதுவாக 100 மீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். பறந்து போகும் ஆலாவைத் தேடிப் பிடிக்க இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம்.

8×25 சுமார் 300 கிராம், சட்டைப் பையில் போய்விடும். 8×32 சுமார் அரைக் கிலோ. 8×42 இன்னும் பளிச்சென்று இருக்கும், ஆனால் கழுத்து வலிக்கும். ஐயாயிரம் முதல் பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் செலவு செய்ய நினைப்பவர்கள் 8×32 அல்லது 8×30 வாங்குவது நல்லது. நிகான், செலஸ்ட்ரான், புஷ்னெல் எல்லாம் இந்தப் பக்கம் தெரிந்த பெயர்கள்தான். ஒலிம்பஸின் கேமரா, பைனாகுலர் பிரிவு 2021-ல் கைமாறி, இப்போது 'ஓஎம் சிஸ்டம்' என்ற பெயரில் வருகிறது. கடையில் பெயர் மாறியிருப்பதைப் பார்த்துப் போலி என்று பயந்துவிடாதீர்கள்.

பெட்டியில் கவனிக்க வேண்டியவை சில. 'ஃபுல்லி மல்டி கோட்டட்' என்றால் எல்லா லென்ஸ் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு உண்டு. வெறும் 'கோட்டட்' என்றால் எங்கோ ஒரு பரப்பில் ஓர் அடுக்கு இருந்தாலும் இருக்கலாம். உள்ளே இருக்கும் பட்டகம் 'பேக்-4' கண்ணாடி என்றால் 'பிகே-7'-ஐவிட மேல். பவர் கண்ணாடி போடுபவர்கள் 'ஐ ரிலீஃப்' 15 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நடுவில் சாவித் துவாரம்போலத்தான் தெரியும். நைட்ரஜன் நிரப்பிய வாட்டர்ப்ரூஃப் மாடல், பழவேற்காட்டின் ஈரக் காற்றுக்கு அவசியம். ஆனால் ஏசி காரிலிருந்து இறங்கியதும் லென்ஸின் வெளிப்பக்கம் பனி படரத்தான் செய்யும். நைட்ரஜன் காப்பது உள்பக்கத்தை மட்டுமே. பத்து நிமிடம் முன்பே பையிலிருந்து எடுத்து வெளியே வையுங்கள். சிவப்பாகப் பளபளக்கும் லென்ஸ், ஜூம் மாடல், 'நைட் விஷன்' என்று கூவும் மலிவுச் சரக்கு, இவை மூன்றும் வேண்டாம்.

வாங்கியதும் செட்டிங் செய்துகொள்ளுங்கள். வலது லென்ஸை மூடி, நடுச் சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடது பக்கத்தை மூடி, வலது கண் பக்கமுள்ள வளையத்தைத் திருப்பி வலது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். ஒரு முறை செய்தால் போதும். பல மாதங்களாக இதைச் செய்யாமலே பார்த்து, தலைவலிக்கு மாத்திரை போட்ட நண்பர் எனக்கு உண்டு.

பழவேற்காடு கிளம்பும் முன் உங்கள் கம்ப்யூட்டருக்கும் வேலை இருக்கிறது. கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002-ல் ஆடுபான் அமைப்புடன் சேர்ந்து தொடங்கிய 'இ-பேர்டு' தளம் இலவசம். அதில் பழவேற்காட்டைத் தேடினால், எந்த மாதத்தில் எந்தப் பறவை பதிவாகியிருக்கிறது என்பதைப் பட்டை வரைபடமாகவே காட்டும். பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம். 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறையில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும் உங்கள் பட்டியலை இதில்தான் ஏற்ற வேண்டும். பறவைகளைக் கலைத்துவிட்டு எண்ணினால் கணக்கு சரிவராது என்பதையும் சொல்ல வேண்டுமா?

போன ஜனவரியில் 8×32-உடன் மறுபடி போனேன். காலையில் கடலுக்கு முதுகைக் காட்டி ஏரியைப் பார்த்து நின்றால் சூரியன் நமக்குப் பின்னால்; பறவை முழுக்க வெளிச்சம். அலகு இளஞ்சிவப்பாக, நுனி மட்டும் கறுப்பாக இருந்தால் பெரிய பூநாரை. அலகு முழுக்கக் கருஞ்சிவப்பாக இருந்தால் சிறிய பூநாரை. அன்று தெளிவாகத் தெரிந்தது. பக்கத்துச் சேற்றில் கொசு உள்ளானும் வளைமூக்கு உள்ளானும் ஓடிக்கொண்டிருந்தன. அங்கே மீன் காயவைத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "கண்ணுகூடத் தெரியுதே!" என்றார்.

வீடு திரும்பியதும் லென்ஸைக் காய்ந்த துணியால் துடைத்துவிடாதீர்கள். உப்பும் மணலும் பூச்சைக் கீறிவிடும். முதலில் மணலை ஊதிவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, அதன் பிறகு துடையுங்கள்.