காக்கி போடாதவருக்கும் காவல் பாடம்

கிருஷ்ணகிரி மாவட்டம் குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் விலை பேசுவது தமிழில் மட்டும் நடப்பதில்லை. தெலுங்கும் கன்னடமும் புழங்கும். ஓசூர் வரையிலான தொழிற்சாலைகளில் இந்தியும் ஒடியாவும் சேர்ந்துகொள்ளும். காவல்துறைக்கும் மக்களுக்குமான உறவைக் கல்லூரியில் எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இந்த வட்டாரமே பதில். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் துறைகள் உண்டு. ஆனால், அந்தப் படிப்பு என்றதும் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "எஸ்.ஐ. தேர்வுக்கு உதவுமா?" என்பதுதான். அந்தக் கணக்கோடு படித்தால் சட்டப் பிரிவுகள் மனப்பாடமாகும்; பக்கத்து அறையில் தங்கியிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளி ஸ்டேஷன் வாசலை மிதிக்க ஏன் பயப்படுகிறார் என்பது பிடிபடாது.

இந்தப் பயத்தில்தான் வதந்தி வளர்கிறது. 2018 மே மாதம், பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வந்த குடும்பத்தைப் பிள்ளை பிடிப்பவர்கள் என்று நினைத்துக் கூட்டம் தாக்கியதில் ஒரு மூதாட்டி உயிரிழந்தார். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவின. காவல்துறை இந்தியில் விளக்கம் சொல்ல வேண்டிவந்தது. முதலாவதில் ஊர் அந்நியரை நம்பவில்லை. இரண்டாவதில் அந்நியர் ஊரை நம்பவில்லை. செல்போனில் செய்தி பரவிய பிறகு ஜீப் வந்து பயனில்லை. இரு தரப்பும் நம்பிப் பேசக்கூடியவர்கள் முன்னரே ஊருக்குள் இருக்க வேண்டும்.

அதற்குத்தான் போலீஸுக்கு உதவும் தன்னார்வலர்களின் 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' இருந்ததே என்பார்கள். 1993இல் ராமநாதபுரம் மாவட்டத்தில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிய அந்த அமைப்புக்கு, சாத்தான்குளம் காவல் மரணங்களைத் தொடர்ந்து 2020 ஜூலையில் தடை வந்தது. அப்போது அதன் மீது எழுந்த புகார்களில் எது சரி என்பது வேறு விஷயம். போலீஸோடு நிற்க வருபவருக்குப் போலீஸ் அதிகாரத்தின் எல்லையும் தன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும் என்பதே அதில் நமக்குள்ள பாடம். இதெல்லாம் காவலர் பயிற்சிப் பள்ளியின் வேலை என்று ஒரு வாதமும் உண்டு. பயிற்சிப் பள்ளி காக்கி போடுபவரை மட்டுமே தயார் செய்யும். புகார் கொடுப்பவரை யார் தயார் செய்வது?

புகார் கொடுக்கப் போனால், மாநில எல்லை ஸ்டேஷன்களில் அடிக்கடி காதில் விழும் பதில், "இது எங்க லிமிட் இல்ல." 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவுப்படி, பிடியாணையின்றிக் கைது செய்வதற்குரிய குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம், பதிவான தகவலின் நகலை இலவசமாகப் பெறலாம். எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளியில் பணத்தைப் பறிகொடுத்து ஓசூரில் வந்து நிற்கும் ஒடிசா இளைஞருக்கு இதை அவர் மொழியில் சொல்ல ஆள் வேண்டும். கிருஷ்ணகிரி வட்டாரக் கல்லூரிகள் காவல் படிப்பைக் கொண்டுவந்தால் ஓட்டப் பயிற்சியைப் பிறகு பார்க்கலாம். முதலில் இன்னொரு மொழியும், புகார் எழுதித் தரும் பழக்கமும் மதிப்பெண்ணுக்குரிய பாடமாகட்டும்.