பிற்பகலில் குளத்து நீர் ஏன் நஞ்சாகிறது?

தீவனத்தில் குறையில்லை, ஆனாலும் கட்லாவும் ரோகுவும் எடை கூடவில்லை. ஏன்?

புரதம் செரித்தபின் மீன்கள் செவுள் வழியே அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. நீரில் அது இரு வடிவங்களில் இருக்கும். அம்மோனியம் அயனியால் பெரிய தீங்கில்லை. அயனியாகாத அம்மோனியாவோ செவுளைப் புண்ணாக்கும். பசியைக் குறைத்து வளர்ச்சியைத் தடுக்கும்.

எது மிகும் என்பதைத் தீர்மானிப்பது பி.எச். அளவு. பகலில் பாசிகள் ஒளிச்சேர்க்கைக்காகக் கரியமில வாயுவை உறிஞ்சுவதால் பி.எச். ஏறும். அது 7-லிருந்து 8 ஆனாலே நச்சு வடிவம் ஏறக்குறைய 10 மடங்காகும். வெப்பமும் அதைக் கூட்டும்.

எப்படித் தடுப்பது? தீவனத்தை அளவாக இடுங்கள். கார்பனேட் குறைந்த நீரில் சுண்ணாம்புக்கல் தூள் இட்டால் பி.எச். ஏற்ற இறக்கம் தணியும். காலையில் மட்டுமல்ல, பிற்பகலிலும் பி.எச். அளந்து பாருங்கள்.