தற்காப்பு என்று சொன்னால் போதுமா?

1984-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிகரகுவாவின் கொரிந்தோ உள்ளிட்ட துறைமுகங்களில் கண்ணிவெடிகள் வைக்கப்பட்டன. சரக்குக் கப்பல்கள் சேதமடைந்தன. இதன் பின்னணியில் இருந்தது அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ. அதே ஆண்டு ஏப்ரலில் அந்தச் சிறிய மத்திய அமெரிக்க நாடு, ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்தில் அமெரிக்கா மீது வழக்குத் தொடுத்தது. ஒரு நாடு இன்னொரு நாட்டின்மேல் படைபலத்தை ஏவக் கூடாது என்ற சட்டத்தைப் புரிந்துகொள்ள, எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான வழக்கு இல்லை.

அந்தச் சட்டம் ஐ.நா. சாசனத்தின் 2(4) பிரிவில் இருக்கிறது. எந்த நாட்டின் நிலப்பரப்புக்கும் அரசியல் சுதந்திரத்துக்கும் எதிராகப் படைபலத்தைப் பயன்படுத்தக் கூடாது. பயன்படுத்துவோம் என்று மிரட்டவும் கூடாது. இதற்கு முன், 1928-இல் பாரிஸில் கையெழுத்தான ஒப்பந்தம் 'போர்' என்பதை மட்டுமே கைவிடுவதாகச் சொன்னது. அதில் கையெழுத்திட்ட ஜப்பான், 1931-இல் போர்ப் பிரகடனம் செய்யாமலேயே மஞ்சூரியாவைப் பிடித்துக்கொண்டது. 1945-இல் எழுதப்பட்ட சாசனத்தில் அந்த ஓட்டை இல்லை.

விதிவிலக்கு இரண்டுதான். ஒன்று, பாதுகாப்பு கவுன்சிலின் அனுமதி. குவைத்தை ஆக்கிரமித்த இராக்கை வெளியேற்ற 1990-இல் அது கிடைத்தது. மற்றொன்று, ஆயுதத் தாக்குதலுக்கு ஆளான நாட்டின் தற்காப்பு உரிமை. அந்த நாடு கேட்டுக்கொண்டால் பிற நாடுகளும் துணைக்கு வரலாம்.

அமெரிக்கா பிடித்துக்கொண்டது இந்த இரண்டாவதைத்தான். எல் சால்வடாரின் கிளர்ச்சியாளர்களுக்கு நிகரகுவா ஆயுதம் தருகிறது, நாங்கள் எல் சால்வடாரைக் காக்கிறோம் என்றது. நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. கிளர்ச்சியாளர்களுக்கு ஆயுதம் கொடுப்பது தவறு. ஆனாலும் அது 'ஆயுதத் தாக்குதல்' ஆகிவிடாது. தாக்கப்பட்டேன் என்று அந்த நாடே சொல்ல வேண்டும், உதவியும் கேட்க வேண்டும். எல் சால்வடார் அப்படிச் சொன்னதோ, அமெரிக்க நடவடிக்கைகள் தொடங்கி நெடுநாள் கழித்து. துறைமுகத்தில் கண்ணிவெடி வைத்தது எந்தத் தேவைக்கும் அளவுக்கும் பொருந்தவில்லை என்றும் நீதிமன்றம் கண்டது.

1986 ஜூன் 27 அன்று, இந்தியரான நகேந்திர சிங் தலைமையிலான அமர்வு, 12-க்கு 3 என்ற பெரும்பான்மையில் தற்காப்பு வாதத்தைத் தள்ளியது. படைபலத்தின் மீதான தடை சாசனத்தில் மட்டுமல்ல, நாடுகளின் வழக்காற்றுச் சட்டத்திலும் வேரூன்றியது என்றது. தீர்ப்பில் இன்னொரு நுட்பமான கருத்தும் உண்டு. விதியை மீறும் அரசு, தன் செயல் விதிவிலக்குக்குள் அடங்கும் என்று வாதாடும்போது அந்த விதியை ஒப்புக்கொள்ளவே செய்கிறது. மீறல்களைப் பார்த்து, இது செத்த சட்டம் என்று கைவிரிப்பவர்களுக்கு இதைவிட நல்ல பதிலை நான் கண்டதில்லை.

வருத்தம் என்னவென்றால், தீர்ப்பை நிறைவேற்ற ஆள் இல்லை. வழக்கின் நடுவிலேயே அமெரிக்கா வெளியேறியிருந்தது. தீர்ப்புக்குக் கீழ்ப்படியச் சொன்ன தீர்மானத்தைப் பாதுகாப்பு கவுன்சிலில் தன் வீட்டோவால் முறியடித்தது. ஆட்சி மாறிய நிகரகுவா 1991-இல் வழக்கைக் கைவிட்டது. இழப்பீடு கிடைக்கவே இல்லை.

ஆனால் அந்தத் தீர்ப்பின் அளவுகோல் இன்றும் நம் கையில் இருக்கிறது. அடுத்த முறை ஓர் அரசு 'தற்காப்பு' என்று சொல்லிக் குண்டு வீசும்போது, அது நாம் விரும்பும் அரசாகவே இருந்தாலும், இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்: ஆயுதத் தாக்குதல் உண்மையில் நடந்ததா? பதிலடி தேவையானதா, அளவோடு இருந்ததா? சாசனம் சொல்கிறபடி பாதுகாப்பு கவுன்சிலுக்கு உடனே தெரிவித்தார்களா?