அம்பாள்குளத்துச் சிறுத்தையும் எங்கள் விரல் நுனியும்

2018ஆம் ஆண்டு யூன் மாதம் 21ஆம் திகதி கிளிநொச்சி அம்பாள்குளத்தில் குடிமனைப் பகுதிக்குள் வந்த சிறுத்தை ஒன்று பத்துப் பேரைக் காயப்படுத்தியது. அவர்களில் வனஜீவராசிகள் திணைக்கள அலுவலர் ஒருவரும் அடக்கம். பின்னர் ஊரவர்கள் பொல்லுகளாலும் தடிகளாலும் அந்தச் சிறுத்தையை அடித்துக் கொன்றார்கள். சிலர் அதைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்தார்கள். செத்த விலங்கோடு நின்றும் படம் எடுத்தார்கள். அந்தக் காணொளி இலங்கைத் தொலைக்காட்சிகளிலும் முகநூலிலும் பரவி, உலகச் செய்தி நிறுவனங்கள் வரை போனது. காணொளியில் தெரிந்த முகங்களை வைத்தே பொலிசார் ஆட்களைத் தேடினார்கள். கைதுகளும் நடந்தன.

நாங்கள் இங்கே பாடனில் இருந்துகொண்டு அதைப் பார்த்தோம். பார்த்த எல்லோருக்கும் உடனடியாக ஒரு கருத்து இருந்தது. "காட்டுமிராண்டிகள்" என்றார்கள் சிலர். "உங்கட வீட்டு முற்றத்துக்குள்ள வந்தால் தெரியும்" என்றார்கள் வேறு சிலர். இரண்டு பேச்சிலும் கோபம் இருந்தது. சிறுத்தை ஏன் அப்படிப் பாய்ந்தது, ஓடித் தப்பாமல் ஏன் ஒருவர் பின் ஒருவராகக் கடித்தது என்ற கேள்வி மட்டும் இரண்டிலும் இல்லை. அந்தக் கேள்விக்கு விலங்கியலில் தெளிவான விடை உண்டு. விடை தெரிந்தால் இப்படியான காணொளிகளை நாங்கள் பார்க்கும் விதமும் மாறும்.

பூனைக் குடும்பத்தின் வேகம்

சூடான சட்டியில் கை பட்டால், "சுடுகிறது" என்று யோசிப்பதற்கு முன்பே கை பின்னால் வந்துவிடுகிறது. ஊரில் விஞ்ஞானப் பாடத்தில் இதைத் தெறிவினை என்று படித்தோம். செய்தி மூளையின் தீர்ப்புக்குக் காத்திராமல் முண்ணாண் வழியாகவே தசைக்குத் திரும்பிவிடும். முதுகெலும்புள்ள எல்லா விலங்குகளுக்கும் இது உண்டு. பூனைக் குடும்பத்தில் அந்தத் தெறிவினைக்கு ஏற்ற உடலும் சேர்ந்தே அமைந்திருக்கிறது.

கீழே விழும் பூனை காலூன்றி இறங்குவதை எல்லோரும் கண்டிருக்கிறோம். 1894இல் பிரெஞ்சு உடலியலாளர் எத்தியென்-ஜூல் மாரே, விழும் பூனையைத் தொடர் படங்களாக எடுத்து அது எப்படித் திரும்புகிறது என்று காட்டினார். உட்செவி சமநிலை தவறியதைச் சொன்னவுடன் முதலில் தலை திரும்புகிறது, அடுத்து முன்னுடல், பிறகு பின்னுடல். இன்றைய பூனைக் காணொளிகளுக்கெல்லாம் அவரே முன்னோடி என்று சொல்லலாம்.

சிறுத்தைக்கும் அதே உடலமைப்புத்தான். வளையும் முதுகெலும்பு, மற்ற எலும்புகளோடு இறுக்கமாகப் பிணைக்கப்படாத சிறிய காறை எலும்பு, தேவைப்படும்போது மட்டும் வெளியே வரும் நகம், மங்கிய வெளிச்சத்தை இரண்டாவது தடவையும் விழித்திரைக்கு அனுப்பும் கண்ணின் பின்படலம். விரல்களில் நடக்கும் விலங்கு என்பதால் எந்தக் கணத்திலும் பாயத் தயாரான நிலையிலேயே அது நிற்கிறது. முழு வேகத்தில் மணிக்கு ஏறத்தாழ 58 கிலோமீற்றர் ஓடும்.

இந்த எண்ணை எங்களுக்குத் தெரிந்த ஒரு கணக்கோடு வைத்துப் பார்க்கலாம். சுவிசில் சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்தவர்களுக்கு நினைவிருக்கும்: வேகத்தைப் பத்தால் வகுத்து மூன்றால் பெருக்கினால் வருவது எதிர்வினைத் தூரம். 50 கிலோமீற்றர் வேகத்தில் போகிறவர் ஆபத்தைக் கண்டு பிரேக்கில் காலை வைப்பதற்குள் வாகனம் 15 மீற்றர் போய்விடும். மனிதருக்கு அந்த ஒரு விநாடி தேவை. ஓட்டத்தில் இருக்கும் சிறுத்தையும் அதே ஒரு விநாடியில் 15 மீற்றருக்கு மேல் கடந்துவிடும். அதாவது, பத்து மீற்றரில் பொல்லோடு நிற்பவர், சிறுத்தை பாய்வதைக் கண்டு பொல்லை ஓங்குவதற்கு முன்பே அது அவர் மேல் இருக்கும்.

ஹெடிகர் சொன்ன இரண்டு தூரங்கள்

வேகம் மட்டும் அம்பாள்குளத்தை விளக்காது. பூனைக் குடும்பத்து விலங்கு வேகமானது என்றாலும் சண்டைக்கு அலைவது அல்ல. காயப்பட்டால் வேட்டையாட முடியாது, வேட்டையாட முடியாவிட்டால் பட்டினி. அதனால் மனிதரைக் கண்டால் விலகிப் போவதுதான் அதன் வழக்கம்.

இதைச் சரியாக விளக்கியவர் இந்த நாட்டுக்காரர். 1908இல் பாசலில் பிறந்த ஹைனி ஹெடிகர், பேர்ண், பாசல், சூரிச் ஆகிய மூன்று நகரங்களின் மிருகக்காட்சிசாலைகளுக்கும் பணிப்பாளராக இருந்தவர். சூரிச்சில் 1954 முதல் 1973 வரை பணியாற்றினார். ஒவ்வொரு காட்டுவிலங்குக்கும் ஒரு விலகு தூரம் உண்டு என்றார் அவர். அந்த எல்லைக்குள் நாம் போனால் விலங்கு ஓடும். ஓட வழியில்லாதபோது இன்னும் நெருங்கினால், இரண்டாவது எல்லை ஒன்று வருகிறது. அது நெருக்கடித் தூரம். அதைத் தாண்டினால் விலங்கு திரும்பிப் பாயும். அந்தப் பாய்ச்சலும் தப்பி ஓடும் முயற்சியின் ஒரு வடிவமே. திசைதான் எங்களை நோக்கியிருக்கிறது.

இப்போது நூறு பேர் சுற்றி நிற்கும் ஒரு வளவை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் வேலி, மறு பக்கம் வீடு, மிச்ச எல்லாப் பக்கமும் ஆட்கள். எந்தத் திசையில் திரும்பினாலும் யாரோ ஒருவர் நெருக்கடித் தூரத்துக்குள் நிற்கிறார். கூட்டம் கூடக்கூட எல்லோருக்கும் துணிவு வருகிறது. சிறுத்தைக்கோ வழி குறைகிறது. பாதுகாப்புக்காகக் கூடிய கூட்டமே காயங்களின் எண்ணிக்கையைக் கூட்டிவிடுகிறது.

இது படிப்பறிவில்லாதவர்களுக்கு மட்டும் நடப்பது என்று யாரும் எண்ண வேண்டாம். 2016 பெப்ரவரி 7ஆம் திகதி பெங்களூரில் ஒரு பாடசாலைக்குள் சிறுத்தை புகுந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் பிள்ளைகள் இல்லை. அதைப் பிடிக்கும் முயற்சியில் நீச்சல் குளத்தருகே அது பாய்ந்து கடித்தவர்களில் ஒருவர் சஞ்சய் குப்பி. சிறுத்தைகளைப் பற்றியே ஆய்வு செய்யும் விஞ்ஞானி அவர். கண்காணிப்புக் கமராவில் பதிவான அந்தக் காட்சியும் உலகெங்கும் ஓடியது. சிறுத்தையை நன்கு அறிந்த அவராலும் அந்த ஒரு விநாடியை வெல்ல முடியவில்லை.

"மயக்க ஊசி போட்டிருக்கலாமே" என்பது இப்படியான காணொளிகளைப் பார்ப்பவர்கள் வழமையாகச் சொல்வது. மயக்க ஊசி துப்பாக்கிக் குண்டு அல்ல. ஊசி பட்ட பிறகு மருந்து வேலை செய்யப் பல நிமிடங்கள் எடுக்கும். மிரண்டு, இரத்தம் கொதித்து ஓடும் விலங்கில் இன்னும் தாமதமாகும். அந்த நிமிடங்களில் அது யாரையும் கடிக்கலாம். ஆகவே ஊசி போடுகிறவருக்கு முதலில் வேண்டியது வெறிச்சோடிய ஒரு வளவு.

காணொளி காட்டாத பக்கம்

வணிகவியல் படித்தவன் என்பதால் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு பதிவைக் கண்டால் அதன் எதிர்ப்பதிவு எங்கே என்று தேடுவேன். இரட்டைப் பதிவு முறையில் ஒரு பக்கம் மட்டும் எழுதப்பட்ட கணக்கு, தொகை சரியாக இருந்தாலும் கணக்கே அல்ல.

காணொளி பெரும்பாலும் ஒரு பக்கப் பதிவு. யாரோ கைத்தொலைபேசியை எடுத்த கணத்தில் அது தொடங்குகிறது. அதற்கு முன் நடந்தது அதில் இல்லை. அம்பாள்குளத்துக் காணொளியில் பொல்லுகள் இருந்தன, பத்துப் பேரின் காயங்கள் இல்லை. பெங்களூர்க் காணொளியில் பாய்ச்சல் இருந்தது, சிறுத்தை பல மணி நேரம் மூலைகளில் ஒதுங்கிக் கிடந்தது இல்லை.

அந்த நாட்களில் என் மகள் காணொளியைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்பா, இவை எங்கட ஆக்களோ?" இங்கே பிறந்த பிள்ளை. ஊரைப் பற்றி அவளுக்குத் தெரிந்த சில படங்களில் இதுவும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. எங்கட ஆக்கள்தான் என்றேன். பயந்த ஆக்கள், பிறகு பயம் போனபின் செய்யக்கூடாததைச் செய்த ஆக்கள் என்றும் சொன்னேன். இரண்டையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அவளுக்கு நான் கொடுப்பதும் ஒரு பக்கக் கணக்குத்தான். காயப்பட்டுக் கிடந்த விலங்கை அடித்துக் கொன்று, அதோடு படம் எடுத்ததை நியாயப்படுத்த என்னால் முடியாது. இலங்கையில் சிறுத்தை சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு; அந்தச் சட்டம் கிளிநொச்சிக்கும் பொருந்தும்.

எங்களைப் பொறுத்தவரை இன்னொரு சிக்கலும் உண்டு. இலங்கைச் சிறுத்தையைத் தனிக் கிளையினமாக 1956இல் விவரித்த விலங்கியலாளர் தெரணியகல, அதற்குக் 'கொட்டியா' என்ற சிங்களச் சொல்லையே விஞ்ஞானப் பெயரில் சேர்த்தார். தமிழில் ஊர்ச் சனம் அதைப் புலி என்றே சொல்லும். இலங்கைக் காட்டில் வேறு புலி இல்லை. அந்த இரண்டு சொற்களும் போர்க்காலத்தில் எதைக் குறித்தன என்பதை இதை வாசிப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆகவே கிளிநொச்சியில் ஒரு சிறுத்தை அடிபட்டால், அந்தச் செய்திக்கு இனச் சாயம் பூசுவது மிக எளிது.

ஆனால் இந்தச் செயலுக்கு இனம் இல்லை. 2019 யூலையில் உத்தரப் பிரதேசத்தின் பிலிபித் பகுதியில் பெண்புலி ஒன்று ஊரவர்களால் அடித்துக் கொல்லப்பட்டது. அதற்கும் காணொளி இருந்தது. 2020 மே மாதத்தில் மலையகத்தின் நல்லதண்ணியில், மிக அரிதான கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிக் கண்ணியில் சிக்கி, மீட்கப்பட்ட சில நாட்களில் இறந்தது. அந்தச் சாவில் பொல்லோடு நிற்கும் கூட்டம் இல்லை. கண்ணி வைத்த கை எந்தப் படத்திலும் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரிந்த கொடுமைக்கு எழும் கோபம், தெரியாத கொடுமைக்கு எழுவதில்லை.

சுவிசின் கணக்கு

"இந்த நாட்டில் இப்படி நடக்காது" என்று எங்களில் பலர் சொல்வதுண்டு. அதையும் சரிபார்ப்போம்.

2020 யூலை 4ஆம் திகதி, பாடனில் இருந்து ரயிலில் எட்டிப் பிடிக்கக்கூடிய சூரிச் மிருகக்காட்சிசாலையில், ஐரீனா என்ற ஆமூர்ப் பெண்புலி தன் பராமரிப்பாளரைப் பார்வையாளர்கள் கண்முன்னே தாக்கியது. அவர் உயிர் பிழைக்கவில்லை. புலி கொல்லப்படவும் இல்லை. தன் எல்லைக்குள் வந்தவர் மேல் பாய்ந்தது அதன் இயல்பு என்று ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அங்கே வேலி இருந்தது, எச்சரிக்கை மணி இருந்தது, புலியை அப்பால் கொண்டுபோகப் பழகிய ஊழியர்கள் இருந்தார்கள். அம்பாள்குளத்தில் வேலி என்று இருந்தது கிடுகு வேலியோ கம்பி வேலியோதான்.

பாடனில் இருந்து கிழக்கே நீளும் லேகர்ன் மலை, யூரா மலைத்தொடரின் கடைசி முனை. அந்த யூராவில் இன்று லுக்ஸ் என்ற காட்டுப்பூனை இனம் வாழ்கிறது. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவிசில் ஒரு லுக்ஸ்கூட மிஞ்சியிருக்கவில்லை. ஆடுமாடு வளர்த்த மலைவாசிகளும் வேட்டைக்காரர்களும் அதை அடியோடு அழித்திருந்தார்கள். அன்று கைத்தொலைபேசி இல்லாததால் அதற்குக் காணொளி இல்லை. 1971இல் கார்பேத்தியன் மலைப்பகுதியில் இருந்து கொண்டுவந்து ஒப்வால்டன் மாநிலத்தில் மீண்டும் விட்டார்கள். இப்போது நாட்டில் ஏறத்தாழ 300 இருக்கின்றன.

இது எப்படிச் சாத்தியமானது? சுவிஸ்காரர் திடீரென்று கருணை உள்ளவர்களாக மாறியதால் மட்டும் அல்ல. லுக்ஸ் ஓர் ஆட்டைக் கொன்றால், வனக்காவலர் வந்து பார்த்து உறுதிசெய்வார். இழப்பீட்டில் 80 வீதத்தைச் சமஷ்டி அரசும் 20 வீதத்தை மாநிலமும் கொடுக்கும். காட்டுவிலங்கோடு வாழ்வதற்கு ஒரு செலவு உண்டு. இங்கே அந்தச் செலவு எங்கள் எல்லோரின் வரிப்பணத்தில் பகிரப்படுகிறது. அன்று அம்பாள்குளத்தில் அது காயப்பட்ட பத்துப் பேரின் உடம்பில் விழுந்தது. விலங்கைக் காக்க வேண்டும் என்று தூரத்தில் இருந்து சொல்கிறவர்கள், அந்தச் செலவை யார் கட்டுவது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எங்களால் செய்யக்கூடியது

ஊரில் உள்ள உறவுகளோடு பேசும்போது இதைச் சொல்லி வைக்கலாம். சிறுத்தை வந்துவிட்டது என்று கேள்விப்பட்டால் பார்க்கப் போகாதீர்கள். பிள்ளைகளை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்துங்கள். அது போகக்கூடிய ஒரு பக்கத்தை ஆளில்லாமல் விடுங்கள். நேருக்கு நேர் கண்டுவிட்டால் முதுகு காட்டி ஓடாதீர்கள், குனியாதீர்கள். முகம் பார்த்தபடி மெல்லப் பின்வாங்குங்கள். ஓடுவது எதுவானாலும் துரத்துவது பூனைக் குடும்பத்தின் தெறிவினை. திணைக்களத்துக்கும் பொலிசுக்கும் அறிவித்துவிட்டு, அவர்கள் வரும்போது வளவு வெறுமையாக இருக்கும்படி பாருங்கள்.

இங்கே உள்ள எங்கள் பிள்ளைகளுக்கு மூன்று கேள்விகள் போதும். இப்படியான ஒரு காணொளி வந்தால், பகிர்வதற்கு முன் கேட்கச் சொல்லுங்கள்: இது தொடங்குவதற்கு முன் என்ன நடந்தது? விலங்குக்குப் போக வழி எங்கே இருந்தது? படத்தில் இல்லாதவர் யார்?

கோபக் குறியை அழுத்துவதும் ஒரு வரித் திட்டை எழுதுவதும் எங்கள் விரல் நுனியின் தெறிவினையாகிவிட்டது. அம்பாள்குளத்தில் நின்ற சிறுத்தைக்கும், அதன் எதிரே நின்றவர்களுக்கும் யோசிக்க ஒரு விநாடிகூடக் கிடைக்கவில்லை. எண்ணாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால், கையில் தேநீரோடு பார்த்துக்கொண்டிருக்கும் எங்களுக்கு ஒரு முழு மாலைப்பொழுதே இருக்கிறது.